மணிக்கு நாலு ஸ்பூன்

கேண்டீனம்மா நீட்டிய ஃபிளாஸ்க்கை நர்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை. ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவை உள்ளிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வெளியிலேர்ந்து எதுவும் குடுக்கக் கூடாதும்மா, உள்ள எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள். "வெறும் காய்கறி சூப்புதான்மா. ரெண்டு தடவை துணியில வடிகட்டியிருக்கேன். ஒரு திப்பி கெடையாது. குழாயில தண்ணி மாதிரி எறங்கும்" என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் கதவு மெத்தென்று வந்து சாத்திக்கொண்டது. சூடான ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி அவள் அங்கேயே நின்றாள். சுவரோரம் வரிசையாகப் பிணைத்துப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களும் ஒரு நாள் இதே கதவில் எதையாவது நீட்டிப் பார்த்தவர்கள்தான்.

நகரத்துக்கு வெளியே இருந்த கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் கேண்டீன் நடத்துகிறவள் அவள். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நானூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறாள். கொதிக்கிற பருப்பு அண்டாவின் முன்னால் நின்று மணத்தை வைத்தே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். உலை வெக்கையிலிருந்து வருகிறவர்களுக்கு உடனே சோறு இறங்காது என்று முதலில் எலுமிச்சைத் தண்ணீர் கொடுப்பாள். புதிதாகச் சேர்ந்தவன் கூச்சப்பட்டுக் குறைவாக வாங்கினால் தட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு கரண்டி வைப்பாள். "போடற எனக்கு வெக்கமில்ல, திங்கற உனக்கு என்னடா வெக்கம்?" என்பாள். அவள் கையால் நீட்டியதை வேண்டாமென்று யாரும் இதுவரை கதவைச் சாத்தியதில்லை.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவர் கிடந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். வாயில் மூச்சுக் குழாய், மூக்கில் மெல்லிய இன்னொரு குழாய், கையில் ஊசிகள். அவருக்கு என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. முந்தைய நாள் பெரிய டாக்டர் சொன்ன ஒரே ஒரு சொல்தான் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "பட்டினிம்மா" என்று சொல்லியிருந்தார் டாக்டர். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளாப் பட்டினி கெடந்திருக்கார்."

நடந்தது இதுதான். சில நாட்களுக்கு முன் காலை டிரிப்பில், பேருந்தைக் கடைசி நிறுத்தத்தில் கோட்டுக்குள் சரியாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்தவர் அப்படியே ஸ்டியரிங் மேல் சரிந்துவிட்டார். கடைசிப் பயணி இறங்கும்வரை பொறுத்துக்கொள் என்று உடம்போடு பேசி வைத்திருந்த மாதிரி. அவரோடு பல வருடமாக அதே வண்டியில் வேலை பார்க்கும் கண்டக்டர்தான் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது என்று பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் கேண்டீனம்மா போய்ப் பார்த்தபோது மனிதர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. "எல்லாரும் இங்க வந்துட்டா வண்டிய யாரு எடுக்கறது?" என்று டிப்போ ஆட்களைக் கிண்டல் செய்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மறுநாள் காலையில் அவரால் காலைத் தூக்க முடியவில்லை. மூச்சு மேலோட்டமாக வாங்கியது. நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பி ஓடியது. ஆம்புலன்ஸில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நினைவு போய்விட்டது.

இங்கே டாக்டர் அவளைக் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா இவர் வயிறு நிறைய சாப்பிட்டது எப்போ?"

"தினமும் சாப்பிடறாரு டாக்டர். விடியறதுக்குள்ள நான்தான் டப்பா கட்டி வச்சுட்டுப் போறேன். மூணு அடுக்கு. சாயங்காலம் கழுவப் போடும்போது ஒரு பருக்கை இருக்காது."

பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த கண்டக்டரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பருத்த உடம்பு, ஐம்பதை நெருங்குகிறவர். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை போல அழ ஆரம்பித்தார்.

"அண்ணி, அந்த டப்பா சாப்பாட்ட நான்தான் அண்ணி சாப்பிட்டேன்."

யாருக்கும் புரியவில்லை.

"ஆறேழு மாசமா அண்ணி. எனக்கு நெஞ்சு கரிக்குதுடா, நீ சாப்பிடுன்னு குடுப்பாரு. மிச்சம் வச்சா அவ கண்டுபிடிச்சிடுவா, தொடைச்சு வச்சிடுன்னும் சொல்வாரு. வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடறேன்னுதான் சொன்னாரு. உங்க கை ருசியில நானும்... கேக்கணும்னே தோணலியே எனக்கு."

கேண்டீனம்மா அவரைப் பார்த்தாள். காக்கிச் சட்டையின் பொத்தான்கள் வயிற்றின் மேல் திமிறிக்கொண்டிருந்தன. போன வருஷம் அந்தச் சட்டை தொளதொளவென்று கிடந்தது அவளுக்கு நினைவிருந்தது. அதே மாதங்களில்தான் இவள் கணவரின் பெல்ட்டில் புதுப்புது ஓட்டைகள் விழுந்தன. "சுகர் வந்துடக் கூடாதுன்னு நடக்கறேன்" என்றார். அவளும் நம்பி, கேண்டீனில் தொப்பை தள்ளியவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரப் பாருங்க, இந்த வயசுலயும் கயிறு மாதிரி இருக்காரு" என்று பெருமையடித்திருந்தாள். இரவில் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கியதும், தூக்கத்தில் இருமியதும், வீட்டில் எப்போதும் பாலோ டீயோ மட்டும் குடித்ததும் இப்போது ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. அவள் இருட்டோடு போய் மாலையில் திரும்புகிறவள். அவருக்கோ ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். ஒருவர் தட்டை ஒருவர் பார்க்காமலே ஒரு வீட்டில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் சோறு போட்டவள் வீட்டில் ஆம்பிளை பட்டினி என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாத ஒவ்வொரு முகத்திலும் அது அவளுக்குக் கேட்டது.

கேமரா விட்டுப் பார்த்ததில், உணவுக்குழாய் வயிற்றில் போய்ச் சேரும் இடத்தில் வாசல் இறுகிக் கிடந்தது. உள்ளே போன கொஞ்சநஞ்சமும் அந்த வாசலுக்கு மேலேயே தேங்கிப் புளித்திருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். புற்றா இல்லையா என்று தெரியச் சில நாளாகும். இறுகிய வாசலின் வழியாக மெல்லிய குழாயொன்றைப் பக்குவமாக வயிற்றுக்குள் இறக்கிவைத்தார்கள்.

ஃபிளாஸ்க் திரும்பி வந்த அன்று, பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கோட்டுப் பையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டோடு இருந்தாள். நர்ஸ்கள் அவளை டயட் மேடம் என்று கூப்பிட்டார்கள். இந்தப் பிரிவில் யாருக்கு என்ன உணவு, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை முடிவு செய்கிறவள் அவள்தான். கம்பத்தில் தொங்கிய பையில் பால் டீ நிறத்தில் ஏதோ இருந்தது. அது ஒரு சின்ன இயந்திரத்துக்குள் புகுந்து, மூக்குக் குழாய்க்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதான்மா அவருக்குச் சாப்பாடு. மணிக்கு இருபது மில்லி போகுது."

"இருபது மில்லின்னா எவ்வளவும்மா?"

"டீ ஸ்பூன்ல நாலு."

"ஒரு மணி நேரத்துக்கா?" கேண்டீனம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யானைப் பசிக்குச் சோளப்பொரியா? பட்டினி கெடந்தவர்னு நீங்களேதான் சொல்றீங்க. பட்டினி கெடந்தவருக்கு நாலு ஸ்பூனா? இன்னும் கொஞ்சம் பட்டினி போட்டு ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா?"

டயட் மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க கேண்டீன் வச்சிருக்கீங்களாமே. விறகு அடுப்பு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு. அதுக்கென்ன?"

"ராத்திரி பூரா தணலாக் கெடக்கற அடுப்புல, காலையில ஒரு கட்டு விறக ஒரே தடவையாத் திணிச்சா?"

"எங்க எரியும்? பொகை மண்டும். இருக்கற தணலும் அவிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டு கேண்டீனம்மா நிறுத்தினாள்.

"சாப்பாட்டைச் சக்தியா மாத்தறதுக்கு உடம்புக்குச் சில உப்புங்க வேணும்மா" என்றாள் டயட் மேடம். "பாஸ்பேட், பொட்டாசியம், இந்த மாதிரி. பட்டினியில அந்த இருப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. ரத்தத்துல கொஞ்சூண்டு ஓடிட்டிருக்கு. அத வச்சுத்தான் இதயம் துடிக்குது, மூச்சு வாங்குது. திடீர்னு சர்க்கரை நெறைய வந்ததும், உடம்புல இருக்கற ஒவ்வொரு அணுவும் பந்திக்கு முந்தற மாதிரி வந்து அந்த உப்ப அள்ளிக்கிச்சு. ரத்தத்துல ஒண்ணும் மிச்சமில்ல. அன்னிக்குக் காலையில ஆனது அதுதான்."

"அப்ப அந்த ஆஸ்பத்திரியில ஏத்தின குளுக்கோஸாலயா?"

"அவங்களக் குத்தம் சொல்ல முடியாதும்மா. சர்க்கரை எறங்கி மயங்கினவருக்குச் சர்க்கரைதான் குடுப்பாங்க. இவர் பட்டினின்னு அவங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதபடி இவர்தான் பாத்துக்கிட்டாரே."

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று கேண்டீனம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வாள். மூன்றாம் தடவை தட்டை நீட்டுகிறவனைக் கலாய்ப்பதற்காகச் சொல்வது. அது நிஜமாகவே ஒரு மனிதனின் ரத்தத்துக்குள் நடக்கக்கூடியது என்று அவள் நினைத்ததே இல்லை. அமுதத்தைக் கரண்டியால் அள்ளி அள்ளிப் போட்டவளுக்கு அதன் இன்னொரு முகத்தை இத்தனை வருஷத்தில் யாரும் காட்டவில்லை. பிறகு வேறொன்று தோன்றியது.

"அப்ப இத்தனை மாசம் எதைச் சாப்பிட்டு இவரு பஸ் ஓட்டினாரு?"

டயட் மேடம் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். "தன்னைத்தான்" என்றாள்.

"பாலும் டீயும் கொஞ்சம் எறங்கியிருக்கு. மீதிக்குத் தன்னையேதான். மொதல்ல ஈரல்ல இருக்கற சர்க்கரை. அது ஒரு நாள் தாங்கினா அதிகம். அப்புறம் கொழுப்பு. கூடவே தசை. தொடை, தோளு, கன்னம்னு கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சு எடுத்துக்கிச்சு. மூளைக்குச் சர்க்கரைதான் பிடிக்கும். அது கெடைக்கலேன்னதும், கொழுப்புலேர்ந்து வர்றத எரிச்சுப் பொழைக்க அதுவும் கத்துக்கிச்சு. இதயம்கூடத் தன்னைச் சின்னதாக்கிக்கிச்சு. வீட்ல ஆளில்லாத அறையில வெளக்க அணைச்சுக்கிட்டே வருவோமில்ல, அந்த மாதிரி ஒண்ணொண்ணா அணைச்சிருக்கு. கண்ணு, கை, காலு, இத மட்டும் கடைசிவரைக்கும் விடல. பஸ் ஓட்டணுமில்ல." கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன். இது மட்டும் எனக்கு இன்னும் பழகலம்மா" என்றாள்.

கேண்டீனம்மா போர்வையை விலக்கினாள். அவர் தொடையில் கை வைத்தாள். ஒரு காலத்தில் கிளட்சை மிதித்து மிதித்து உருண்டு திரண்டிருந்த இடது தொடை. இப்போது எலும்பின் மேல் தோல் ஒரு ஈரத்துணி போலக் கிடந்தது. வெள்ளிக்கிழமை நெரிசலில், மேம்பாலத்துச் சரிவில், மழையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்க, இந்தத் தொடை கரைந்து கரைந்து வண்டியை ஓட்டியிருக்கிறது. அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்திலும், கரண்டி பிடித்து நின்ற நேரத்திலும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், எது போனாலும் பரவாயில்லை எது போகக் கூடாது என்று ஒரு கணக்குப் போட்டு ஒன்று இவரைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. இவரே இவரைக் கைவிட்ட பிறகும் அது கைவிடவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. ரொம்பப் பெரிய ஒன்றின் முன்னால் செருப்போடு வந்து நின்றுவிட்டது போல ஒரு கூச்சம்தான் வந்தது.

டயட் மேடம் கட்டில் தலைமாட்டில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் காதில் மாட்டி, மறுமுனையை அவர் வயிற்றில் வைத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஆழத்தில், சிறுதீயில் வைத்த பாத்திரத்தின் மூடி லேசாகத் தூக்கிப் போடுவது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் வந்தது.

"நாலு ஸ்பூனுக்கா இவ்வளவு சத்தம்?"

"அந்த நாலு ஸ்பூனுக்கு மொத்த உடம்பும் வேலைக்கு வந்திருக்கும்மா."

மறுநாள் காலையில் இயந்திரத்தில் பத்து என்றிருந்தது. இருபதையே உடம்பு தாங்கவில்லை, பாஸ்பேட் மறுபடியும் விழுந்திருக்கிறது, ஊசியில் ஏற்றுகிறோம், அதுவரை பாதியாகக் குறைத்திருக்கிறோம் என்றார்கள். இரண்டு ஸ்பூன். முந்தின நாள் புரிந்ததெல்லாம் கேண்டீனம்மாவுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கலைந்துபோனது. வெளியே நாற்காலியில் கண்டக்டர் காத்திருந்தார். லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தார் அவர். "அண்ணி, டிப்போவுல ஒருத்தன் சொல்றான், அவங்க மாமாவுக்கு வீட்டு சூப்பத்தான் குழாயில ஊத்தினாங்களாம். ரெண்டே நாள்ல எந்திரிச்சு உக்காந்துட்டாராம். இவங்க புஸ்தகத்தப் பாத்துப் பண்றாங்க அண்ணி. அண்ணனுக்கு உங்க கைச் சாப்பாடு போனா போதும்" என்றார். மாமா யார், என்ன வியாதி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் துண்டுக்கு அடியில் ஃபிளாஸ்க்கை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். பார்வையாளர் நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது, எதிர்க் கட்டிலில் ஏதோ மணி அடித்தது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். இந்தப் பக்கம் அவளும் அவரும் மட்டும்தான். குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கு நர்ஸ் வைத்திருந்த பெரிய ஊசிக்குழல் தட்டில் கிடந்தது. குழாயின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருப்பதை அவள் இரண்டு நாளாகப் பார்த்துவைத்திருந்தாள். ஃபிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றி, ஊசிக்குழலால் நிறைய உறிஞ்சி எடுத்தாள். கட்டைவிரலால் குழாயின் மூடியை நெம்பித் திறந்தாள். குழாயை எட்டிக் குனிய இடது கையை அவர் வயிற்றின் மேல் ஊன்றினாள்.

உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நெளிந்தது.

மறுபடியும் ஒரு சிற்றலை, விலாவின் கீழிருந்து கிளம்பி, தோலுக்கடியில் மெல்லப் புரண்டு தொப்புள் பக்கமாகப் போய் அடங்கியது. முந்தின நாள் காதால் கேட்டது. இன்று கை நேராகவே அதைத் தொட்டது. மணிக்கு இரண்டு ஸ்பூன்தான் கிடைக்கிறது. அந்த இரண்டு ஸ்பூனை வாங்கி, பிரித்து, யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டு, இதயத்துக்குக் கொஞ்சம், மூச்சுக்குக் கொஞ்சம் என்று கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லை அதற்கு. மாதக்கணக்கில் ஒன்றுமில்லாமல் ஓட்டியதற்கு இரண்டு ஸ்பூனே பெரிய வரவு. அவசரமெல்லாம் தன்னுடையதுதான் என்று கேண்டீனம்மாவுக்குத் தெரிந்தது. அவருக்குப் பசிக்கிறதென்று அவள் ஊட்ட வரவில்லை. ஊட்டாமல் சும்மா நிற்கத் தன்னால் முடியவில்லை என்றுதான் வந்திருக்கிறாள். ஆக்கிப் போடத் தெரிந்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

குழாயின் மூடியை அழுத்தி மூடினாள். சூப்பை ஊசிக்குழலிலிருந்து ஃபிளாஸ்க்குக்கே திருப்பி அனுப்பினாள். ஊசிக்குழலை நர்ஸிடம் கொடுத்து, "இது நான் தொட்டுட்டேன்மா, வேற வச்சுக்குங்க" என்றாள். நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை கையை அவர் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

வெளியே வந்து கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. நாலு நாளாக டீ தவிர ஒன்றும் உள்ளே போகாத முகம். இனி அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு டாக்டர் வேண்டியதில்லை. ஃபிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றி நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. இனிமே உங்க சமையல வாயில வைக்கற அருகதை எனக்கில்ல."

"அருகதையாவது கத்திரிக்காயாவது. பேசாமக் குடி. நீயும் பட்டினி கெடந்து விழுந்தா, இங்க நாலு ஸ்பூன் அங்க நாலு ஸ்பூன்னு ரெண்டு கட்டிலுக்கு நான்தான் அலையணும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குடிக்கும்போது கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி அதில் விழுந்தது. பாதி குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், "உப்பே இல்லையே அண்ணி" என்றார்.

"உனக்கா ஆக்கினேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வராண்டாவில் யாரும் சிரிப்பதில்லை.

அதன் பிறகு ஒரு இரவு முழுக்கப் பத்திலேயே நின்றது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் உப்புகள் நின்ற இடத்தில் நின்றன. பதினைந்து ஆக்கினார்கள். பிறகு இருபது. அதைத் தாண்டி முப்பது என்று டயட் மேடம் சொன்னபோது, மகள் பரீட்சையில் பாஸானதைக் கேட்டது போல கேண்டீனம்மா கையைத் தட்டிவிட்டு வெட்கப்பட்டாள். மூச்சுத் தசைகளுக்குத் தெம்பு வந்து, மூச்சுக் குழாயை எடுத்தார்கள். அதே வாரத்தில் பரிசோதனை முடிவும் வந்தது. புற்று இல்லை. வாசல் தானாகத் திறக்க மறந்துபோகும் ஒரு கோளாறு அது, பலூன் வைத்து விரித்துவிடலாம் என்றார் டாக்டர். இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. ஒரு பலூனில் தீர்வதை மறைத்து ஒரு மனிதன் தன்னையே தின்றிருக்கிறான்.

அவருக்குக் குரல் திரும்பியது. சருகு நொறுங்குகிற மாதிரியான குரல். அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் மேலே தொங்கிய பையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நெஞ்சுல நிக்குதுடான்னான். டாக்டர்கிட்ட போனான். கேன்சர்னு பேரு வச்சாங்க. மூணே மாசம். போனாத்தானே பேரு வைப்பாங்கன்னு இருந்துட்டேன்."

"டாக்டர் சரி. என்கிட்டயுமா?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். "நீ ஆக்கறது எறங்கலேன்னு உன்கிட்டயே எப்படிச் சொல்ல?"

அவள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவராகவே தொடர்ந்தார்.

"பசி விடல தெரியுமா? எல்லாம் போச்சு, அது மட்டும் போகல. மத்தியானம் டப்பாவைத் தொறந்தா அந்த வாசனை வரும். அவன் சாப்பிடறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு வாயாப் பாப்பேன். அவன் முழுங்கும்போது எனக்கே எறங்கற மாதிரி இருக்கும். அப்புறம் எந்திரிச்சு வண்டிய எடுப்பேன்."

மரத்தடியில் நிறுத்திய வண்டியில், டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, இன்னொருவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலூன் வைத்து விரித்த மறுநாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். அன்று பிற்பகல் வாய்வழியாக முதல் தடவை தண்ணீர் கொடுத்துப் பார்க்கப் போவதாக டயட் மேடம் சொன்னாள். இறங்கினால் நல்லது, நின்றால் மறுபடி யோசிக்க வேண்டும். "நீங்க கூட இருங்க. ஆனா ஸ்பூன் என் கையிலதான்" என்றாள் சிரித்துக்கொண்டே. "சரிம்மா. நீங்க மொதல்ல அந்த பிஸ்கட்ட விட்டுட்டு ஏதாவது உருப்படியாச் சாப்பிடுங்க" என்றாள் கேண்டீனம்மா. பிற்பகலுக்கு இன்னும் நேரமிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது. பஸ் பிடித்து, பல நாளைக்குப் பிறகு தொழிற்சாலைக்குப் போனாள்.

உதவிக்கு வைத்திருந்த பெண்கள் சமைத்து முடித்திருந்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு கரண்டியை வாங்கினாள். சங்கு ஊதியது. உலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வியர்வையோடு கூட்டமாக வந்து வரிசையில் நின்றார்கள். "எப்படிக்கா இருக்காரு அண்ணன்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டபடி தட்டை நீட்டினார்கள். "இருக்காருப்பா, இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே சோறும் பருப்பும் போட்டாள். வாங்கியவர்கள் நீள பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தார்கள்.

முன்வரிசையில் ஒருவன் முதல் வாயை எடுத்து வைத்தான். மென்றான். அவன் தொண்டையில் ஒரு சின்ன மேடு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. அது தன் பாட்டுக்கு இறங்க, அவன் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தான். பக்கத்திலிருந்தவன் தொண்டையிலும் அது ஏறி இறங்கியது. அதற்கடுத்தவன் தண்ணீர் குடித்தான். மடக் மடக்கென்று நாலு தடவை. மூலையில் இருந்த கிழ ஃபோர்மேனின் சுருங்கிய கழுத்தில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. புதிதாகச் சேர்ந்தவனின் மெலிந்த கழுத்தில் துள்ளியது. பெஞ்சு பெஞ்சாக, கடைசி வரிசை வரைக்கும், பேச்சுக்கும் சிரிப்புக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில், வாசல்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அக்கா, பருப்பு" என்றான் வரிசையில் நின்றவன், வெறும் சோற்றுத் தட்டை நீட்டியபடி.

"இருப்பா" என்றாள் அவள், பெஞ்சுகளிலிருந்து கண்ணை எடுக்காமல். சாய்ந்த கரண்டியிலிருந்து பருப்பு ஒவ்வொரு சொட்டாக அண்டாவிலேயே விழுந்துகொண்டிருந்தது.